1963இல் தோற்றது நிக்ருமாவா, ஆப்பிரிக்காவா?

மணல்மேடு | சனி, இரவு 9:40

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வந்து ஆறு வருடமாகிறது. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் குவாமே நிக்ருமா நினைவுப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது என் வேலையாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் போலோ ஆடிய திடல் அது. 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் கானா விடுதலை பெற்றுவிட்டதாக அதன் முதல் தலைவர் நிக்ருமா அறிவித்தது அங்கேதான். அவருடைய கல்லறையும் அங்கேதான். கொஞ்சம் தள்ளி அவருடைய சிலை ஒன்று நிற்கிறது, தலை இல்லாமல். 1966 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இழுத்துத் தள்ளப்பட்ட சிலை. தலை தனியாக ஒரு பீடத்தில் இருக்கிறது. போன மாதம் வந்திருந்த என் மாமா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "தலைதான் கிடைச்சிடுச்சுல்ல, பத்தவைக்க ஆள் இல்லையா?" என்றார்.

அதிலிருந்துதான் இந்த இழை. 1963 மே 24, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா. 30க்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கூடிய மாநாட்டில் நிக்ருமா எழுந்து, ஒரே அரசு, ஒரே நாணயம், ஒரே பாதுகாப்புப் படை, ஒரே வெளியுறவுக் கொள்கை வேண்டும், அதுவும் இப்போதே வேண்டும் என்றார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் 'ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு' என்று ஒரு மெலிந்த சாசனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கண்டம் இன்று ஐம்பத்தைந்து துண்டாக நின்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையேந்திக்கொண்டிருக்காது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழையபேட்டை | சனி, இரவு 11:05

மறுக்க வந்துவிட்டேன், தம்பி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன், தூக்கமும் வராது.

அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நான்கே மாதம் முன்பு, ஜனவரி 13 அன்று, கானாவை ஒட்டியிருக்கும் டோகோவின் அதிபர் சில்வானஸ் ஒலிம்பியோவை லோமேயில் அமெரிக்கத் தூதரக வாசலருகே சுட்டுக் கொன்றார்கள். சுட்டது அவர் நாட்டுச் சிப்பாய்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டோகோவைக் கானாவோடு சேர்க்கவேண்டும் என்று நிக்ருமா வெளிப்படையாகப் பேசிவந்தவர். எல்லையையும் அடைத்துவைத்தவர். அக்கம்பக்கத்து நாடுகளின் சந்தேகம் எங்கே திரும்பும்? அப்படிப்பட்டவர் மேடையேறி "நாமெல்லாம் ஒன்றாகிவிடலாம்" என்றால், கேட்பவன் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வானா மாட்டானா?

உள்வீட்டுக் கதையும் இருக்கிறது. 1958இல், விடுதலை கிடைத்த மறுவருடமே, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் சட்டம். கானா என்ற பெயரையே பரப்பிய ஜே.பி. டான்குவா அந்தச் சட்டத்தில்தான் கைதாகி 1965இல் ன்சாவம் சிறையில் செத்தார். 1964இல் ஒரே கட்சி ஆட்சி. ஒரு நாட்டை இப்படி நடத்தியவரிடம் ஒரு கண்டத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

ஒற்றைவரி | சனி, இரவு 11:12

பக்கத்து வீட்டு வேலியை நகர்த்திக்கொண்டே தெருவையே கூட்டுக்குடும்பம் ஆக்கலாம் என்றாராக்கும்.

மணல்மேடு | ஞாயிறு, காலை 7:30

ஐயா, டான்குவா விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் ஆளையும் எண்ணத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இந்த எண்ணம் நிக்ருமா வீட்டுச் சொத்து இல்லை. 1900இல் லண்டனில் முதல் 'பான் ஆப்பிரிக்க', அதாவது அனைத்து ஆப்பிரிக்க, மாநாட்டைக் கூட்டியவர் டிரினிடாட்டிலிருந்து போன வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ். அமெரிக்காவின் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அங்கே இருந்தார். 1945இல் மான்செஸ்டரில் ஐந்தாவது மாநாடு. நிக்ருமாவும் கென்யாவின் கென்யாட்டாவும் அப்போது பெரிய தலைவர்கள் இல்லை, அந்நிய மண்ணில் குளிரில் திரிந்தவர்கள். முதல் நாள் அமர்வுக்குத் தலைமை தாங்கியது ஒரு பெண், ஏமி ஆஷ்வுட் கார்வி. தொழிற்சங்கத்துக்காரர்களும் மாணவர்களும் நிறைந்த கூட்டம். இருபது வருடத்துக்குள் அவர்களில் இருவர் மூவர் நாட்டை ஆண்டார்கள்.

இன்னொன்று. 1958 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனிகளில் கினி மட்டும் பிரான்சின் கூட்டமைப்பு வேண்டாம் என்று வாக்களித்தது. கோபத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தொலைபேசிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்பார்கள். அப்போது விடுதலை பெற்று இரண்டு வருடம்கூட ஆகாத கானா ஒரு கோடி பவுண்டு கடன் தர முன்வந்தது. எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்வார்?

பழையபேட்டை | ஞாயிறு, காலை 8:15

அதே கினிக்கே போவோம், வசதியாகப் போயிற்று.

கினியின் அதிபர் செக்கூ தூரே. 1966இல் பதவி பறிபோன நிக்ருமாவுக்கு அடைக்கலம் தந்து, துணைக்கு நானும் அதிபர் நீங்களும் அதிபர் என்று கௌரவித்தவர். கண்கலங்க வைக்கும் கதைதான். ஆனால் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளர் யார் தெரியுமா? டியாலோ டெல்லி, அதே கினிக்காரர். எட்டு வருடம் அடிஸ் அபாபாவில் அந்தக் குழந்தையை வளர்த்தவர். ஊர் திரும்பி அமைச்சரானார். 1976இல் சதிகாரர் என்று பிடித்து பொய்ரோ முகாமில் அடைத்தார்கள். அங்கே ஒரு தண்டனைக்குக் 'கறுப்பு உணவு' என்று பெயர். உணவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, கதவு மட்டும் மூடியிருக்கும். 1977இல் டெல்லி அப்படித்தான் செத்தார்.

ஒற்றுமை அமைப்பு என்ன செய்தது? உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது என்பது அதன் விதி. தன் முதல் செயலாளரைப் பட்டினி போட்டுக் கொன்றதும் உள்விவகாரம்தான். 1975இல் கம்பாலாவில் மாநாடு வைத்து இடி அமீனைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தான்சானியாவின் நைரேரே உள்ளிட்ட சிலர்தான் அந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள்.

நைரேரேயைச் சொல்லிவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். கென்யா, உகாண்டாவோடு சேர்ந்து ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறலாம் என்றால் தன் நாட்டின் விடுதலையையே தள்ளிப்போடத் தயார் என்று 1960இல் சொன்னவர் அவர். நாற்காலியைத் தள்ளிப்போடுகிறேன் என்ற அரசியல்வாதி வேறு யார்? அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டாட்சியை எதிர்த்துப் பேசியது யார்? உங்கள் நிக்ருமா! வட்டார வட்டாரமாகச் சேர்ந்தால் முழுக் கண்டம் சேராமல் போய்விடுமாம். கையில் கிடைத்த படியை உதைத்துவிட்டு மாடியைக் காட்டியவர்.

மணல்மேடு | ஞாயிறு, காலை 9:02

கூட்டாட்சியை எதிர்த்தது அவர் செய்த தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நைரேரேயே கடைசியில் என்ன சொன்னார்? 1997 மார்ச்சில் கானாவின் நாற்பதாவது விடுதலை நாளுக்கு இதே அக்ராவுக்கு வந்தார். நிக்ருமாவை வானளாவப் புகழ்ந்தார். கொடி, தேசிய கீதம், கடவுச்சீட்டு, ஐ.நா. இருக்கை, இருபத்தோரு குண்டு மரியாதைக்குரிய ஆட்கள், இவையெல்லாம் பெருகிவிட்டால் கண்டம் துண்டாகவே கிடப்பதில் லாபம் பார்க்கும் ஒரு கூட்டம் உருவாகிவிடும், அதை நிக்ருமா அன்றே கண்டுகொண்டார் என்று பேசினார். 'மெதுவாகப் போகலாம்' என்ற உங்கள் ஆளே கொடுத்த வாக்குமூலம் இது, ஐயா.

1964இல் அந்த ஒற்றுமை அமைப்பு கெய்ரோவில் போட்ட தீர்மானத்தையும் பாருங்கள். விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று கையெழுத்து. ஐரோப்பியர்கள் கிழித்த கோட்டுக்கு ஆப்பிரிக்கர்களே மை ஊற்றினார்கள்.

பழையபேட்டை | ஞாயிறு, காலை 9:20

அந்த மைதான் எத்தனையோ போர்களைத் தடுத்தது. அதை ஏற்காத நாடுகளில் ஒன்று சோமாலியா. 1977இல் சோமாலி மக்கள் வாழும் ஒகடேன் பகுதிக்காக எத்தியோப்பியா மேல் பாய்ந்தது. விளைவு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு இனமும் தன் கோட்டைத் திருத்தக் கிளம்பியிருந்தால் கண்டமே ஒகடேன்தான்.

சரக்குச்சாமி | ஞாயிறு, பகல் 1:45

இரண்டு பேரும் அதிபர்களை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்களே! பதினொரு வருடம் மேற்கு ஆப்பிரிக்காவில் சரக்கு அனுப்பும் தொழில் பார்த்தவன் நான். நான் பார்த்த ஆப்பிரிக்க ஒற்றுமை தக்காளி லாரியில் இருக்கிறது.

கானாவின் சந்தைகளில் பல மாதங்களுக்குப் புர்கினா ஃபாசோ தக்காளிதான். சந்தைப் பெண்களே கூட்டாக லாரி பிடித்து, எல்லை தாண்டிப் போய், தோட்டத்திலேயே விலை பேசி ஏற்றிவருவார்கள். ஒரு எல்லைச் சாவடி, எது என்று வேண்டாம். மதியம் இரண்டு மணி வெயில். மரப்பெட்டிகளில் தக்காளி, அடிப்பெட்டியிலிருந்து சாறு சொட்டிச் சொட்டி லாரிக்குக் கீழே சிவப்பாகக் குட்டை கட்டியிருக்கிறது, ஈ மொய்க்கிறது. ஓட்டுநர் கையில் எல்லாத் தாளும் இருக்கிறது. சாவடி மேசையில் இருக்கும் அதிகாரி இன்னொரு தாள் கேட்கிறார். அப்படி ஒரு தாள் உலகத்திலேயே கிடையாது என்று அந்த மேசைக்காரருக்கும் தெரியும், ஓட்டுநருக்கும் தெரியும், முக்கியமாக லாரி மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்குத் தெரியும். அவர் இறங்கிவந்து ஹவுசாவில் என்னமோ சொன்னார். சிரிப்பு வந்தது, நோட்டும் கை மாறியது. லாரி போயிற்று. தக்காளியில் கால்வாசி போயே போயிற்று.

அதிபர்கள் 2018இல் கிகாலியில் கண்டம் முழுக்க ஒரே சந்தை என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஐம்பத்தைந்தில் ஐம்பத்துநான்கு நாடு கையெழுத்து, எரித்ரியா மட்டும் இல்லை. நல்லது. அதே கூட்டத்தில் ஆட்கள் தடையில்லாமல் போய்வர இன்னொரு ஒப்பந்தமும் வைத்தார்கள். நடைமுறைக்கு வர பதினைந்து நாடு உறுதிப்படுத்தவேண்டும். ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ தோமே என்று நாலோடு நின்று வருடக்கணக்கில் தூங்கியது. சரக்கு வரலாம், ஆள் வரக்கூடாது. கண்டத்தின் பெரும் பணக்காரர் டாங்கோட்டே, ஆப்பிரிக்காவுக்குள் சுற்ற எனக்கு முப்பத்தைந்து விசா வேண்டியிருக்கிறது என்று மேடையிலேயே புலம்பினார். அவருக்கே அந்தக் கதி என்றால் தக்காளி அம்மா எம்மாத்திரம்!

அப்புறம் அந்தப் பை. நீலம், சிவப்பு, வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை, நம்மூரிலும் பார்த்திருப்பீர்கள். நைஜீரியாவில் அதற்குப் பெயர் 'கானா மஸ்ட் கோ', அதாவது கானாக்காரன் வெளியே போ. 1983இல் எண்ணெய் விலை விழுந்து நைஜீரியாவில் வேலை இல்லாமல் போனதும், சுமார் பத்து லட்சம் கானாக்காரர்களைச் சில வாரத்துக்குள் துரத்தினார்கள். அகப்பட்டதை அந்தப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் குடிமக்கள் தடையின்றிப் போய்வரலாம் என்று ஒப்பந்தம் போட்டு அப்போது நாலே வருடம். அதற்கு முன் 1969இல் கானா செய்ததும் அதேதான், அப்போது துரத்தப்பட்டவர்களில் நைஜீரியர்கள் அதிகம். இன்றைக்கும் இரண்டு நாட்டுச் சந்தையிலும் அந்தப் பை கிடைக்கும். பெயர் மாறவில்லை.

ஒற்றைவரி | ஞாயிறு, பகல் 1:58

ஒற்றுமைக்குத்தான் நினைவுச்சின்னம் இல்லை என்று பார்த்தேன், இதோ ஜிப் வைத்தே இருக்கிறது.

டர்பன் மருமகள் | ஞாயிறு, மாலை 6:10

சமையல் முடித்துவிட்டு இப்போதுதான் முழுதும் படித்தேன். எல்லாரும் 'ஆப்பிரிக்கர்கள் ஒன்றுசேர' என்கிறீர்கள். யார் ஆப்பிரிக்கர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கல்யாணம் ஆகி வந்த குடும்பத்தின் முன்னோர் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பரில் டர்பனில் நின்றது. என் மாமியாருக்குத் தமிழ் தேவாரம் அளவுக்குத்தான் தெரியும், ஜூலு சரளமாகப் பேசுவார். அவர் ஆப்பிரிக்கரா இல்லையா?

இந்தக் கேள்விக்கு இங்கே ரத்தமும் சிந்தியிருக்கிறது, பதிலும் தேடியிருக்கிறார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம், 142 பேர் செத்தார்கள். என் மாமியார் அப்போது கைக்குழந்தை, அடுத்த வீட்டு ஜூலு அம்மா தன் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்ததாகச் சொல்வார். 1959இல் ராபர்ட் சொபுக்வே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் என்ற ஏ.என்.சி.யிலிருந்து பிரிந்து பான் ஆப்பிரிக்கவாதக் காங்கிரஸைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே விசுவாசமாக இருந்து, பெரும்பான்மை ஆட்சியை ஏற்பவர் எவரும் ஆப்பிரிக்கர்தான் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்திய வணிகர்களின் திமிரையும் வெளுத்து வாங்கினார், அதிலும் பொய்யில்லை. அப்புறம் ஸ்டீவ் பிக்கோ வந்தார். ஒடுக்கப்பட்ட எல்லாரும் கறுப்பர்தான், இந்தியரும் கலப்பினத்தவரும் சேர்த்தி என்றது அவர் இயக்கம். டர்பன்காரர் ஸ்ட்ரினி மூட்லி, பெயரைப் பார்த்தாலே தெரியும் நம் முதலியார் என்று, அந்த இயக்கத்துக்காக ராபன் தீவுச் சிறைக்குப் போனார். எனக்கு இதுவரை கிடைத்ததில் இதுதான் உருப்படியான விடை.

ஆனால் இதே டர்பனில்தான் 2002 ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். ஆறு வருடம் கழித்து 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய தாக்குதலில் 62 பேர் செத்தார்கள். குறிவைத்தது பிழைக்க வந்த சிம்பாப்வேக்காரர்களை, மொசாம்பிக்காரர்களை. வழியில் மறித்து முழங்கையைக் காட்டி, இதற்கு ஜூலுவில் என்ன பெயர் என்று கேட்பார்களாம். 'இன்டோலோல்வானே' என்று சரியாக வரவில்லை என்றால் அடி. செத்தவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே. நிறவெறிக் காலத்தில் ஏ.என்.சி.க்கு லுசாகாவில் தலைமையகம் வைக்க இடம் கொடுத்தது சாம்பியா. மொசாம்பிக் அதற்காகக் குண்டடி பட்டது. எனக்கு முடிவெட்டும் பெண் சிம்பாப்வேயின் புலவாயோக்காரி. தெருவில் நாலு பேர் சத்தமாகப் பேசினாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாள். கத்திரி ஒரு கையில், ஷட்டர் கம்பி ஒரு கையில்.

இளையவன் | ஞாயிறு, இரவு 8:00

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. படிக்கிறேன். மார்கஸ் கார்வியை யாருமே சொல்லவில்லையே? கானா கொடியில் இருக்கும் கறுப்பு நட்சத்திரமே அவர் 1919இல் தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் கம்பெனியை நினைத்து வைத்ததுதானே? இப்போது யூடியூபில் பார்த்தால் புர்கினா ஃபாசோவின் ராணுவ ஆட்சியாளர் இப்ராஹிம் த்ராவோரே அடுத்த நிக்ருமா என்கிறார்கள். உண்மையா?

பழையபேட்டை | ஞாயிறு, இரவு 8:40

நட்சத்திரம் அங்கிருந்துதான், சரி. கார்வி ஆப்பிரிக்க மண்ணை மிதிக்காமலே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பச் சொன்ன மனிதர். ஜமைக்காவில் பிறந்து லண்டனில் முடிந்தது. திரும்பிப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று லைபீரியாவைப் பாருங்கள் தம்பி. அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் 1847இல் குடியரசு அமைத்து, 1980 வரை உள்ளூர் மக்களைக் கீழே வைத்தே ஆண்டார்கள். கார்வியின் ஆட்களைக் குடியேற விடாத அதே அரசு, 1926இல் பத்து லட்சம் ஏக்கரை 99 வருடத்துக்கு ஃபயர்ஸ்டோன் ரப்பர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது.

த்ராவோரே பற்றி: யூடியூபில் வருவதில் எது நடந்தது, எது கணினி வரைந்தது என்று எனக்குத் தெரிவதில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேறின. கண்டத்திலேயே மக்கள் விசா இல்லாமல் போய்வரும் அமைப்புகளில் முன்னோடி அதுதான். ஆப்பிரிக்க ஒற்றுமை என்ற முழக்கத்தோடே அதிலிருந்து பிரிந்தார்கள். இதில் நிக்ருமாவைத் தேடவேண்டாம்.

மணல்மேடு | ஞாயிறு, இரவு 10:15

ஐயா, த்ராவோரே விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் அந்த மூன்று நாட்டு இளைஞர்கள் ஏன் கொடி பிடிக்கிறார்கள்? 1945இல் பிரான்ஸ் அடித்த சி.எஃப்.ஏ. ஃபிராங்க் இன்றும் அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. 1994 ஜனவரியில் ஒரே நாளில் அதன் மதிப்பைப் பாதியாக்கினார்கள். படுக்கப்போகும்போது இருந்த சேமிப்பு விடிந்தபோது பாதி. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

நான் அரசியல் பேசுபவனில்லை, கணக்கப்பிள்ளை. அதனால் என் மேசையைக் காட்டுகிறேன். லோமேயில் எங்களுக்கு அட்டைப்பெட்டி தருபவர் ஒருவர் இருக்கிறார். காரில் கிளம்பினால் அரைநாளுக்குள் அவர் கடையில் நிற்கலாம். அவருக்குப் பணம் அனுப்ப நான் கானா நாணயமான 'செடி'யை டாலராக்க வேண்டும், அந்த டாலர் கடல் தாண்டி இன்னொரு வங்கி வழியாகப் போய், அங்கே சி.எஃப்.ஏ.வாக மாறி இறங்கும். இரண்டு இடத்தில் கழிவு. வெள்ளிக்கிழமை அனுப்பினால் புதன்கிழமை அவர் போன் செய்து, "பணம் எங்கே ஊர் சுற்றுகிறது?" என்பார். ஆப்பிரிக்க நாணயங்களுக்குள்ளேயே நேராகத் தீர்த்துக்கொள்ள 2022இல் அக்ராவில் ஒரு பணப்பரிமாற்ற அமைப்பைத் தொடங்கினார்கள், பாப்ஸ் என்று பெயர். அது என் மேசைக்கு வரும் நாளில் அந்தக் கழிவுப் பணம் எங்களுக்கு மிச்சம். 1963இல் நிக்ருமா கேட்ட நான்கில் நாணயமும் ஒன்று. கறுப்பு உணவையோ தடுப்புக்காவலையோ நான் நியாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் கழிவுக் கணக்கை எழுதும்போது அந்த ஆள் சரியாகத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது.

சரக்குச்சாமி | ஞாயிறு, இரவு 10:31

தக்காளி அம்மாவுக்கு நோட்டு மாற்ற எல்லையில் ஆள் இருக்கிறான், நாலு நிமிடம். உங்கள் வங்கியைவிட அவன் மேல்.

பழையபேட்டை | ஞாயிறு, இரவு 11:20

நாணயத்தில் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன். நைரேரேயும் அக்ராவில் வந்து விட்டுக்கொடுத்திருக்கிறாரே. டியாலோ டெல்லியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு உதவி வேண்டும். அந்தப் பூங்காவில் அருங்காட்சியகம் இருக்குமே, நிக்ருமாவின் படங்கள் எல்லாம் மாட்டியிருப்பார்களே. அங்கே எங்காவது டான்குவா பெயர் எழுதியிருக்கிறதா?

மணல்மேடு | ஞாயிறு, இரவு 11:34

எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஐயா. கவனித்ததில்லை. அடுத்த ஞாயிறு மாமாவின் மகன் வருகிறான், கூட்டிப்போகும்போது பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.